‘ஆகும்’, ‘ஆகலாம்’, ‘ஆகியிருக்கும்’: ஆங்கில மெயிலில் காலக்கணக்கு தவறும்போது எங்கே பார்ப்பது?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பையருக்கு, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு, போகிற மெயில்களை அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. ஆர்டர்களைக் கவனித்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஜிஎஸ்எம் (துணியின் எடை), ஷ்ரிங்கேஜ் (சுருக்கம்), ஷேட் (நிறம்) என்று எதைக் கேட்டாலும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஸ்பெல்லிங் பிழையால் இதுவரை எங்களுக்கு ஒரு ஆர்டரும் கெட்டதில்லை. பழுது திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் வருகிறது: வில், மே, மஸ்ட், ஷுட் மாதிரியான துணைவினையும், ‘இரண்டு வாரம்’, ‘வெள்ளிக்கிழமை வரை’, ‘பத்து நாளுக்குள்’ மாதிரியான கால அளவும் ஒரே வாக்கியத்தில் சேருகிற இடம்.

மூலம் பெரும்பாலும் மனதுக்குள் ஓடுகிற தமிழ் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. ‘இருப்பார்’, ‘ஆகலாம்’, ‘வேண்டாம்’, ‘-க்குள்’ என்ற ஒவ்வொன்றும் தமிழில் இரண்டு மூன்று வேலை பார்க்கும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள். அதனால் கீழே எந்தச் சோதனையாக இருந்தாலும் முதலில் தமிழுக்குத் திரும்பிப் போய்க் கேட்க வேண்டியிருக்கும்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தப்புவது காதில் மாட்டும்.

அறிகுறி 1: இப்போது நடப்பதைச் சொன்னோம், இனிமேல் நடக்கும் என்று புரிந்துகொண்டார்கள்

தூத்துக்குடியில் எங்கள் லாரி துறைமுக கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. ஷிப்பிங் ஏஜெண்டுக்கு எங்கள் பையன் எழுதியது: ‘தி டிரக் வில் பி வெயிட்டிங் அட் தி போர்ட் ஃபார் ஃபைவ் அவர்ஸ்.’ அவன் மனதில் ஓடியது ‘லாரி அஞ்சு மணி நேரமா நின்னுக்கிட்டிருக்கும்’. ஏஜெண்ட் படித்ததோ, லாரி இனிமேல் வந்து ஐந்து மணி நேரம் நிற்கப்போகிறது என்று. அவர் நிதானமாக மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுத்தான் லாரிக்கான பேப்பரைக் கையில் எடுத்தார். அவர் மேல் தப்பே இல்லை. மெயிலில் அப்படித்தான் இருந்தது.

முதலில் சின்ஸ், ஃபார் இரண்டையும் பாருங்கள். இதுதான் எளிது, செலவில்லாதது. தமிழில் ‘இருந்து’ போட முடிந்தால் சின்ஸ்: காலை ஆறு மணியிலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து, 2019-லிருந்து. ‘ஆக’ அல்லது பேச்சில் ‘ஆ’ போட்டால் ஃபார்: ஐந்து மணி நேரமாக, மூன்று வருஷமா. ‘சின்ஸ் ஃபைவ் அவர்ஸ்’ நம் ஊர் முழுக்கப் புழங்குகிறது. வெளிநாட்டு ஆளுக்கும் அர்த்தம் புரியும், ஆனால் கஞ்சியில் கல் மாதிரி உறுத்தும்.

அது சரியாக இருந்தால், அடுத்து ஹேவ் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஹி மஸ்ட் பி வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்’ என்பதுதான் நான் அதிகமாகத் திருத்துகிற வாக்கியம். ‘ஹி மஸ்ட் ஹேவ் பீன் வெயிட்டிங் சின்ஸ் மார்னிங்’ என்று இருக்க வேண்டும். நேரத்தைக் குறிக்கிற சின்ஸ் ஒரு வாக்கியத்தில் வந்தால், துணைவினைக்குப் பின்னால் ஹேவ் இருக்கிறதா என்று திரையில் விரல் வைத்துத் தேடுங்கள். இல்லையென்றால் பழுது அங்கேதான்.

ஃபார் வந்தால் இந்தச் சோதனை பலிக்காது. ஃபார் கடந்த நேரத்துக்கும் வரும், வரப்போகிற நேரத்துக்கும் வரும். ‘யூ மஸ்ட் வெயிட் ஃபார் ஃபைவ் அவர்ஸ்’ என்பது பிழையில்லாத வாக்கியம். இனிமேல் ஐந்து மணி நேரம் காத்திருந்தே ஆக வேண்டும் என்று அர்த்தம். ஆகவே கடிகாரத்தைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் ஐந்து மணி நேரம் ஏற்கெனவே கழிந்துவிட்டதா? கழிந்திருந்தால் ஹேவ் பீன் சேருங்கள். இனிமேல்தான் என்றால் சேர்க்காதீர்கள்.

இவ்வளவு பார்த்தும் வாக்கியம் சரியாகப் படவில்லையென்றால், எவ்வளவு நிச்சயம் என்ற கேள்விக்கு வாருங்கள். ஆதாரத்தை வைத்து முடிவுக்கு வந்திருந்தால் ‘மஸ்ட் ஹேவ் பீன்’. ஒருவேளை இருக்கலாம் என்றால் ‘மைட் ஹேவ் பீன்’. ‘ஷுட் ஹேவ் பீன்’ போடும்போது மட்டும் கவனம். நின்றிருக்க வேண்டும், ஆனால் நிற்கவில்லையே என்ற குறைதான் அதில் பெரும்பாலும் கேட்கும். இல்லை என்று ஊகிக்கும்போது மஸ்ட் நாட் போடாதீர்கள், கேனாட் போடுங்கள். பத்து நிமிஷத்தில் முடித்திருக்க வாய்ப்பே இல்லை என்றால் ‘தே கேனாட் ஹேவ் ஃபினிஷ்ட் இன் டென் மினிட்ஸ்’.

கடைசி வழிக்கு ஒரு போன் செலவு. டிரைவரைக் கூப்பிட்டு எப்போது வந்தாய் என்று கேட்டுவிட்டு, துணைவினையே இல்லாமல் எழுதுங்கள்: ‘தி டிரக் ஹேஸ் பீன் வெயிட்டிங் சின்ஸ் சிக்ஸ் ஏ.எம்.’ ஊகமாக எழுதப்படும் பாதி வாக்கியங்களுக்கு ஊகமே தேவையில்லை என்பது என் எண்ணம். கேட்கச் சோம்பல், அவ்வளவுதான்.

அறிகுறி 2: நாம் சொன்ன நாள் ஒன்று, அவர்கள் எதிர்பார்த்த நாள் வேறு

‘வி வில் சென்ட் தி சாம்பிள் அன்டில் ஃப்ரைடே.’ இதைப் படிக்கும் பையருக்கு, வெள்ளிக்கிழமை வரை தினமும் சாம்பிள் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள் என்ற படம்தான் வரும். ஒரே தடவையில் முடிகிற வேலைக்கு (அனுப்புவது, முடிப்பது, பணம் கட்டுவது) பை போடுங்கள். இழுத்துக்கொண்டு நடக்கிற வேலைக்கு (வைத்திருப்பது, காத்திருப்பது, கடை திறந்திருப்பது) அன்டில். தமிழில் ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றால் பை, ‘வெள்ளிக்கிழமை வரைக்கும்’ என்றால் அன்டில். ‘வி கேன் ஹோல்ட் தி ஃபேப்ரிக் அன்டில் ஃப்ரைடே’ என்பது சரி.

கூடவே ‘நாட்’ வந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ‘வி கேனாட் சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் முடியாது, வெள்ளிக்கிழமை அனுப்பலாம். ‘வி கேனாட் சென்ட் இட் பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமைக்குள் ஆகாது, அப்புறம் எப்போது என்று சொல்லவில்லை. இரண்டாவது மெயில் போன கையோடு ‘அப்படியானால் எப்போது?’ என்று பதில் வரும். அந்தப் பதில் வந்தால் நீங்கள் தப்பான சொல்லைப் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பையும் அன்டிலும் சரியாக இருக்கிறது, இன்னும் குழப்பம் என்றால் இன், வித்தின், ஆஃப்டர் மூன்றையும் பாருங்கள். ‘வி கேன் டூ இட் இன் டென் டேஸ்’ என்பதற்கு இரண்டு அர்த்தம். வேலைக்குப் பத்து நாள் பிடிக்கும் என்றும் எடுக்கலாம், இன்றிலிருந்து பத்து நாள் கழித்துத்தான் கை வைப்போம் என்றும் எடுக்கலாம். முதலாவது என்றால் ‘இட் வில் டேக் அஸ் டென் டேஸ்’ என்று எழுதுங்கள். இரண்டாவது என்றால் ‘வி கேன் ஸ்டார்ட் இன் டென் டேஸ்’. பத்து நாளைத் தாண்டாது என்று உறுதி சொன்னால் வித்தின். ‘ஆஃப்டர் டென் டேஸ்’ நமக்கு ரொம்பப் பிடித்த பிரயோகம். பத்து நாள் கழித்து என்று சொல்வதாக நினைக்கிறோம். படிப்பவருக்குப் பத்தாம் நாளுக்குப் பிறகு எந்த நாளும் ஆகலாம். எல்லையே இல்லை.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டும் சண்டை வந்திருக்கிறது. பத்து நாளில் ஞாயிறு சேர்த்தியா? லேப் டிப்புக்கு (மாதிரிக்குச் சாயம் போட்ட துணித் துண்டு) அப்ரூவல் வந்த நாளிலிருந்தா, ஆர்டர் போட்ட நாளிலிருந்தா? ஆகவே கடைசியில் தேதியையே போட்டுவிடுவது நல்லது, அதுவும் மாதத்தை எழுத்தில். 5/6 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6.

அறிகுறி 3: வேண்டாம் என்றோம், செய்துவிட்டார்கள்

எனக்கு இதில்தான் அடி பலம். ஒருமுறை பட்டன் அனுப்பும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, ‘யூ நீட் நாட் டிஸ்பேட்ச் ஃபார் டூ வீக்ஸ்’ என்று ஒரு மெயில் போனது. அன்று நான் ஊரில் இல்லை. பட்டனின் நிறத்தை பையர் மாற்றிக்கொண்டிருந்தார், அதனால் இரண்டு வாரம் அனுப்ப வேண்டாம் என்பதுதான் விஷயம். அவர்கள் ‘அவசரமில்லை, விருப்பமிருந்தால் அனுப்பலாம்’ என்று எடுத்துக்கொண்டு, சரக்கு தயாராக இருந்ததால் அடுத்த நாளே அனுப்பிவிட்டார்கள். பழைய நிறத்தில் நான்கு பெட்டி. இன்னும் ஸ்டோரில் மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது. புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நான் காட்டுகிற முதல் பாடப்புத்தகம் அந்த நான்கு பெட்டிதான்.

காரணம் ‘வேண்டாம்’. தமிழில் ‘நீ வர வேண்டாம்’ என்றால் தடையாகவும் இருக்கலாம், சிரமப்படாதே என்ற சலுகையாகவும் இருக்கலாம். குரலிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் நீட் நாட், டோன்ட் ஹேவ் டூ இரண்டும் சலுகை மட்டும்தான். தடைக்கு மஸ்ட் நாட், அல்லது மரியாதையாக ‘ப்ளீஸ் டூ நாட்’. சோதனை எளிது. தமிழ் வாக்கியத்தில் ‘வேண்டாம்’ இருக்கிற இடத்தில் ‘கூடாது’ போட்டுப் பாருங்கள். அர்த்தம் கெடவில்லையென்றால் மஸ்ட் நாட்.

ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சுவரில் ‘பேஷண்ட்ஸ் நீட் நாட் ஈட் ஃபார் எய்ட் அவர்ஸ்’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். வெறும் வயிற்றுச் சர்க்கரைச் சோதனைக்குக் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிடக் கூடாது. அந்தத் தாளோ, பசித்தால் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்கிறது. பக்கத்திலேயே தமிழிலும் எழுதியிருந்ததால் பிழைத்தார்கள்.

சொல் சரியாக இருந்தும் தவறு நடந்தால், ‘நாட்’ எதன் மேல் விழுகிறது என்று பாருங்கள். ‘யூ மஸ்ட் நாட் ஸ்டோர் தி யார்ன் ஹியர் ஃபார் டூ வீக்ஸ்’ என்றால், இரண்டு வாரத்துக்கு இங்கே நூல் வைக்கவே கூடாதா? அல்லது வைக்கலாம், இரண்டு வாரம் வரை இழுக்கக் கூடாதா? வாக்கியத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலாவது என்றால் கால அளவை முன்னால் கொண்டுவாருங்கள்: ‘ஃபார் தி நெக்ஸ்ட் டூ வீக்ஸ், டூ நாட் ஸ்டோர் எனி யார்ன் ஹியர்.’ இரண்டாவது என்றால் ‘ஃபார் மோர் தேன் டூ வீக்ஸ்’ என்று முடியுங்கள். ‘மே நாட்’ இதைவிட மோசம். ‘தி கூட்ஸ் மே நாட் லீவ் ஃபார் டூ டேஸ்’ என்றால் தடையா, சந்தேகமா? நான் அலுவலகத்தில் மே நாட் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். சந்தேகம் என்றால் மைட் நாட், தடை என்றால் மஸ்ட் நாட்.

அறிகுறி 4: மதிப்பீடு சொன்னோம், வாக்குக் கொடுத்ததாகப் பிடித்துக்கொண்டார்கள்

அல்லது தலைகீழாக, வாக்குக் கொடுத்தோம், அவர்கள் நம்பவில்லை. இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் பழுது.

‘டையிங்குக்குப் (சாயம் போட) பத்து நாள் ஆகும்’ என்பதை ‘இட் வில் டேக் டென் டேஸ்’ என்று எழுதினால் அது கிட்டத்தட்டக் கையெழுத்துப் போட்ட மாதிரி. பதினோராம் நாள் மெயில் வரும். ‘ஷுட் டேக் டென் டேஸ்’ என்றால் எல்லாம் ஒழுங்காக நடந்தால் பத்து நாள். எனக்கு மிகவும் உபயோகமான சொல் இது. ‘மே டேக்’, ‘மைட் டேக்’ இரண்டும் ‘ஆகலாம்’, ஆகாமலும் போகலாம். ‘கேன் டேக்’ என்பதையும் ‘ஆகலாம்’ என்றே எழுதுகிறார்கள், அங்கேதான் சறுக்கல். ‘டையிங் கேன் டேக் டென் டேஸ்’ என்றால் பொதுவாகவே சில சமயம் பத்து நாள்கூட இழுக்கும் என்ற இயல்பைச் சொல்கிறோம். இந்த ஆர்டருக்கு எத்தனை நாள் என்று சொல்லவே இல்லை. குறிப்பிட்ட ஒரு ஆர்டர் என்றால் மே அல்லது மைட்.

அப்புறம் வுட். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம் ஏன் எல்லா இடத்திலும் வுட் என்று கேட்டேன்.

“‘வுட்’ போட்டா மரியாதைங்களே அண்ணா?”

மரியாதை கேட்கும்போது வரும். ‘வுட் யூ ப்ளீஸ் கன்ஃபர்ம்’ என்றால் சரி. தகவல் சொல்லும்போது வராது. ‘தி ஷிப்மெண்ட் வுட் ரீச் யூ பை ஃப்ரைடே’ என்று படிக்கிறவர் மனதில் உடனே ‘எது நடந்தால்?’ என்ற கேள்வி எழும். அந்தச் சொல்லுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ‘இஃப் யூ அப்ரூவ் டுடே’ என்று நிபந்தனையைக் காட்டப்போவதில்லை என்றால் வில் போதும். தமிழ் வாக்கியத்தில் ‘-ஆல்’ இருக்கிறதா என்று தேடுங்கள். ‘இன்றைக்கு அப்ரூவ் செய்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.’ ‘-ஆல்’ இல்லையென்றால் வுட் வேண்டாம். (இருந்தாலும் வில் தவறில்லை.)

அறிகுறி 5: நடந்து முடிந்ததைச் சொன்னோம், ஊகம் மாதிரி கேட்டது

‘நேத்து ரெண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதாப் போச்சு.’ இதை ‘வி மஸ்ட் வெயிட் ஃபார் டூ அவர்ஸ் எஸ்டர்டே’ என்று எழுதினால் நேற்று என்ற சொல்லோடு மஸ்ட் ஒட்டாது. அதைத் திருத்துவதாக நினைத்து ‘மஸ்ட் ஹேவ் வெயிட்டட்’ என்று மாற்றுகிறார்கள். இப்போது வாக்கியம், நாமே காத்திருந்தோமா இல்லையா என்று தெரியாமல் ஊகிக்கிற மாதிரி ஆகிவிட்டது. வேண்டியது ‘ஹேட் டூ வெயிட்’. ‘வேண்டியிருந்தது’ என்றால் ஹேட் டூ, ‘இருந்திருப்பார்கள்’ என்றால் மஸ்ட் ஹேவ்.

குட் என்பதிலும் ஒரு சின்னச் சிக்கல். ‘வி குட் ஃபினிஷ் தி பேக்கிங் இன் டூ டேஸ்’ என்று முடிந்துபோன வேலையைப் பற்றி எழுதினால், முடிக்க முடியும், இனிமேல்தான் முடிக்க வேண்டும் என்றுகூடப் படிக்கலாம். ஒரு தடவை சாதித்த வேலைக்கு ‘வி மேனேஜ்ட் டூ ஃபினிஷ்’ அல்லது நேராக ‘வி ஃபினிஷ்ட்’. முடியவில்லை என்பதற்கு ‘குட் நாட்’ தாராளமாக வரும்.

அறிகுறி 6: நீளத்தைச் சொன்னோம், அளவு புரியவில்லை என்கிறார்கள்

இது சீக்கிரம் தீரும். கார்ட் என்றால் நாடா. ‘தி கார்ட் மஸ்ட் பி ஆஃப் 130 சென்டிமீட்டர்ஸ் லெங்த்’ வேண்டாம். ‘மஸ்ட் பி 130 சென்டிமீட்டர்ஸ் லாங்’ போதும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பன்மை போய்விடும்: ‘எ 130-சென்டிமீட்டர் கார்ட்’. காலத்துக்கும் இதே கதைதான், ‘எ டூ-வீக் டிலே’.

இங்கே உண்மையில் பார்க்க வேண்டியது மஸ்ட்டா ஷுட்டா என்பது. ஐஎஸ்ஓ தரநிலைகளில் ஷால் என்றால் கட்டாயம், ஷுட் என்றால் பரிந்துரை, மே என்றால் அனுமதி, கேன் என்றால் இயலும். டெஸ்டிங் லேப் ஆட்கள் அந்தப் பழக்கத்தில்தான் படிப்பார்கள். ‘ஷுட் பி 130 சென்டிமீட்டர்ஸ்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு, 127 வந்தது என்று சத்தம் போட முடியாது.

எங்கே கை வைக்கக் கூடாது

மெயில் வரைக்கும்தான் இந்த வைத்தியம். எல்சி (லெட்டர் ஆஃப் கிரெடிட், பையரின் பேங்க் பணத்துக்குக் கொடுக்கும் உறுதிக் கடிதம்) வந்தால் பேங்கைக் கேளுங்கள். பெரும்பாலான எல்சிகள் சர்வதேச வர்த்தக சபையின் யூசிபி 600 விதிகளுக்கு உட்பட்டவை. 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற அந்த விதிகளில் இந்தச் சின்னச் சொற்களுக்குத் தனி அகராதியே உண்டு. ஷிப்மெண்ட் காலத்தைச் சொல்லும்போது அன்டில், டில், ஃப்ரம் எல்லாம் குறிப்பிட்ட தேதியையும் சேர்த்துக்கொள்ளும். பிஃபோர், ஆஃப்டர் இரண்டும் சேர்க்காது. அதே ஃப்ரம், பணம் கொடுக்க வேண்டிய கெடு தேதியைக் கணக்கிடும்போது வந்தால் அந்தத் தேதியை விட்டுவிடும். ‘ஆன் ஆர் அபவுட்’ என்றால் முன்னால் 5 நாள், பின்னால் 5 நாள். ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ என்று எழுதியிருந்தால் பொதுவாக அதைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். காதுக்கு எது நன்றாக இருக்கிறது என்று பார்த்து இங்கே திருத்தினால் டாக்குமெண்ட் திரும்பி வரும்.

ஒப்பந்தம் என்றால் வக்கீல். கனடாவில் ரோஜர்ஸ், அலையண்ட் என்ற இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்கள், கம்பங்களைப் பயன்படுத்துவதற்கான 2002-ஆம் வருஷ ஒப்பந்தம் ஒன்றை வைத்துச் சண்டை போட்டன. ஒப்பந்தம் 5 வருஷத்துக்கு நீடிக்கும், அப்புறம் அடுத்தடுத்த 5 வருஷங்களுக்கும் நீடிக்கும், ஒரு வருஷ நோட்டீஸ் கொடுத்து முடித்தால் ஒழிய, என்கிற மாதிரி ஒரு ஷால் வாக்கியம். நோட்டீஸ் கொடுக்கிற உரிமை முதல் 5 வருஷத்துக்கும் உண்டா என்பதுதான் கேள்வி. ஒரு கமா இருந்த இடத்தை வைத்து, உண்டு என்று ஒழுங்குமுறை ஆணையம் 2006-இல் சொன்னது. பத்து லட்சம் டாலர் கமா என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த வருஷம் பிரெஞ்சு வடிவத்தைப் பார்த்துவிட்டு அதே ஆணையம் முடிவை மாற்றியது.

அதனால் ஷால் என்ற சொல்லும் ‘ஃபார் எ பீரியட் ஆஃப்’ என்பதும் சேர்ந்து வரும் தாள் எதுவும் மேசைக்கு வந்தால், நான் கமாவைக்கூடத் தொடுவதில்லை. மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டு வக்கீலுக்கு அனுப்பிவிடுவேன்.